மறுத்துவிட்டால் அன்றிரவு எங்கே தங்குவாள்?

கேள்வி இது: கடலூரில் மாதம் ஒரு பழைய நாவல் என்று சேர்ந்து படிக்கிறார்கள். ஆங்கில, பிரெஞ்சு நாவல்களில் நாயகி துணிந்து ‘மாட்டேன்’ என்கிறாள். நம் பழைய கதைகளில் பெண் அழுகிறாள், சாகிறாள், இல்லையென்றால் கல்லாகிறாள். அங்கே சுதந்திரம் இருந்தது, இங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? கல்யாணத்தைப் பேசும் பழைய புனைகதைகளை எப்படித்தான் படிப்பது?

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: எடுத்துக்கொள்ள முடியாது. ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலில் எம்மா ஆர்சனிக் தின்று சாகிறாள். அன்னா கரேனினா ரயிலில் விழுகிறாள். ஜேன் ஆஸ்டினின் ஷார்லட் லூகாஸ், துளிகூட மதிக்க முடியாத ஒருவனுக்குச் சம்மதம் சொல்கிறாள். அழுகிறவர்கள் அந்தப் பக்கமும் நிறையப் பேர். எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ என்பதால், அதன் நாயகி எலிசபெத்தை வைத்தே அந்த நூற்றாண்டு முழுவதையும் எடை போட்டுவிடுகிறோம்.

இரண்டாவது பாதிதான் விஷயம் உள்ளது. இந்த மாதிரி நாவலை எடுத்ததும் ‘இவள் யாரை விரும்புகிறாள்?’ என்று கேட்காதீர்கள்; அதை ஆசிரியரே பக்கம் பக்கமாகச் சொல்லிவிடுவார். ‘இவள் மறுத்துவிட்டால் அன்றிரவு எங்கே தங்குவாள்?’ என்று கேளுங்கள். இதற்கான விடையை ஆசிரியர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவி வைத்திருப்பார். பென்சிலால் ஓரத்தில் நான்கே நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: அவள் வயது, அவள் பெயரில் உள்ள காசு, திரும்பிப் போக ஒரு வாசல், காகிதத்தில் செல்லுபடியாவது யாருடைய கையெழுத்து. தேர்ந்த நாவலாசிரியர்கள் பெரும்பாலும் முதல் ஐம்பது பக்கத்துக்குள் இந்த நான்கையும் சொல்லிவிடுகிறார்கள். வர்ணனை என்று நினைத்து நாம்தான் தாண்டிப் போய்விடுகிறோம்.

1813இல் வந்த ஆஸ்டின் நாவலையே கணக்குப் போட்டுப் பாருங்கள். எலிசபெத்தின் அப்பா பென்னட்டின் நிலத்திலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுன் வருகிறது. ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும் என்று கட்டப்பட்ட சொத்து அது. அப்பா கண்ணை மூடினால் வீடு உட்பட எல்லாம் தூரத்து உறவினன் காலின்ஸுக்கு. ஐந்து பெண்களுக்கு மிஞ்சுவது அம்மாவின் 5,000 பவுன், அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு. எலிசபெத்தின் பங்கு நான்கு சதவீத வட்டியில் 1,000 பவுன், அதாவது ஆண்டுக்கு 40 பவுன். இந்தக் கணக்கை எங்கோ அடிக்குறிப்பில் அல்ல, பெண் கேட்டு நிற்கும்போதே காலின்ஸ் அவள் முகத்துக்கு நேரே சொல்கிறான்! காமெடி என்று சிரித்துவிட்டுப் பக்கம் திருப்புகிறோம். அது காமெடிதான், அவளுடைய நிதிநிலை அறிக்கையும் அதுதான்.

எலிசபெத் ‘மாட்டேன்’ என்பது துணிச்சல், சந்தேகமில்லை. ஆனால் அன்றிரவு அவள் தங்க வீடு இருந்தது. அப்பா உயிரோடு இருந்தார், அவள் பக்கம் நின்றார், அவளுக்கு இருபத்தொன்றுகூட ஆகவில்லை. அவள் வேண்டாம் என்ற அதே ஆளைத்தான் தோழி ஷார்லட் கட்டிக்கொள்கிறாள். ஷார்லட்டுக்கு இருபத்தேழு, அழகும் இல்லை, கையில் காசும் இல்லை, கூடப் பிறந்தவர்களோ அதிகம். இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒருத்தி தைரியசாலி, இன்னொருத்தி கோழை என்ற தீர்ப்பு நிற்காது. ஷார்லட்டைப் பற்றி எலிசபெத்துக்கு வரும் கோபத்தை ஆசிரியரின் கோபம் என்று நினைப்பதுதான் வாசகர்கள் வழுக்கி விழும் இடம். ஆஸ்டின் ஷார்லட்டைத் தண்டிக்கவே இல்லை. ஒரு வீடு, கோழிப்பண்ணை, கணவன் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு அறை, எல்லாம் கொடுக்கிறார்.

1847இல் வந்த ‘ஜேன் அயர்’ நாவலில் இதே கணக்கு வேறு மாதிரி. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலைக்கு ஆண்டுச் சம்பளம் 30 பவுன், சாப்பாடும் தங்க இடமும் எஜமான் வீட்டில். அந்த எஜமானுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள் என்று தெரிந்து ஜேன் வெளியேறும்போது, வேலை, வீடு, காதல் மூன்றும் ஒரே இரவில் போகின்றன. அதனால்தான் அவள் வழியில் பட்டினி கிடக்கிறாள். பிறகு சித்தப்பா சொத்து 20,000 பவுன் வருகிறது, ஜேனும் உறவினர் மூவரும் தலைக்கு 5,000 என்று பிரித்துக்கொள்கிறார்கள். அந்தப் பணம் கைக்கு வந்த பிறகே ஜேன் திரும்பிப் போய்க் கல்யாணம் செய்துகொள்கிறாள். கதைக்கு வசதியாக வந்த செத்த சித்தப்பா என்று சிலர் குறை சொல்வதுண்டு. ஆசிரியர் அந்தப் பணத்தைத் தெரிந்தேதான் முன்னால் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கட்டிக்கொண்டதும் அது சட்டப்படி என்ன ஆகும் என்பது வேறு கதை. இங்கிலாந்தில் மனைவி தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ள 1870 வரையும், சொத்தைத் தன் பெயரில் முழுதாக வைத்துக்கொள்ள 1882 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். ‘மதாம் பொவாரி’யைக் கள்ளக்காதல் கதை என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாக அர்த்தம். 1857இல் அதன்மேல் ஒழுக்கக்கேடு என்று வழக்குப் போட்ட அரசு வழக்கறிஞரும் அப்படித்தான் படித்தார். ஃப்ளோபேருக்கு விடுதலை கிடைத்தது. மீதிப் பாதி கடன். ஜவுளி வியாபாரி லெரோ எம்மாவிடம் புரோநோட்டு எழுதி வாங்குகிறான், மாற்றி எழுதுகிறான், வட்டியை அசலோடு சேர்க்கிறான். மனைவி தானாகக் கையெழுத்திட்டால் செல்லாது என்பதால், கணவன் சார்லஸிடமிருந்து பவர் பத்திரம் வாங்க வைக்கிறான். கடைசியில் 8,000 பிராங்கு கட்டச் சொல்லிக் கோர்ட் உத்தரவு வருகிறது, வீட்டுச் சாமான் ஜப்தியாகிறது, பழைய காதலர்கள் கைவிரிக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் விஷம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு முறை நின்றவர்களுக்கு இந்த நாவல் வேறு மாதிரி புரியும். விவாகரத்து என்ற வழியும் அவளுக்கு இல்லை. பிரான்சில் 1816இல் எடுத்துவிட்டார்கள். 1884இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். ‘பிடிக்கவில்லையென்றால் பிரிந்து போயிருக்கலாமே’ என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு வருடங்களையும் எடுத்துச் சொல்லுங்கள்.

இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) நாடகத்தில் நோரா செய்த குற்றமும் ஒரு கையெழுத்துதான். நோய்ப்பட்ட கணவனைக் காப்பாற்றக் கடன் வாங்க வேண்டும். கணவன் சம்மதமில்லாமல் மனைவி வாங்க முடியாது. அப்பா கையெழுத்தைப் போலியாகப் போடுகிறாள்.

இந்த விஷயத்தில் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு யாருக்கும் வாய்க்காத வசதி ஒன்று உண்டு. இன்று இரண்டு ஊருக்கும் நடுவே எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டுவது பலருக்குப் பெட்ரோல், மது விலை சம்பந்தப்பட்ட சங்கதி. ஆனால் ஒரு காலத்தில் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கல்யாணச் சட்டம், அந்தப் பக்கம் வேறு. கடலூர் பிரிட்டிஷ் சென்னை மாகாணம். புதுச்சேரியில் 1819ஆம் ஆண்டு ஆணைப்படி, இந்தியர்கள் அவரவர் சாதி, மத மாமூல் வழக்கப்படியே நீதி பெறலாம் என்று பிரெஞ்சு அரசு விட்டிருந்தது. 1881இல் இன்னொரு வழி திறந்தது: மாமூலை எழுத்துமூலம் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்துவிடலாம். அப்படி வந்தவர்கள்தான் ‘ரெனோன்சான்’கள். இதில் ஒரு பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் அப்பா சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அதே சட்டத்தில் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற விதி 1938 வரை இருந்தது. அவன் சம்மதமில்லாமல் அவளால் சொத்தை விற்கவும் முடியாது. மகளாக ஜெயித்து மனைவியாகத் தோற்கும் நிலை. எம்மா பொவாரி சிக்கிக்கொண்டதும் இதே சட்டப் புத்தகத்தில்தான். 1955இன் இந்துத் திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தது 1963 அக்டோபரில், அப்போதும் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று தனியாக எழுதப்பட்டது. ஆக 1963க்கு முந்தைய பல ஆண்டுகள், கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண்ணுக்கு இருந்த விவாகரத்து உரிமை, இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரியில் மாமூல்படி வாழ்ந்த அவள் அக்காவுக்கு இல்லை.

எல்லை தாண்டினால் ஆள் மாறாமல் சட்டம் மட்டும் மாறும் என்பதை நேரில் கண்டவர் பாரதி. பத்து வருடம் புதுச்சேரியில் பத்திரமாக இருந்துவிட்டு, 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கடலூர் அருகே கைதானார். கல்யாணத்தைப் பற்றி அவர் எழுதியதிலும் இந்தச் சட்ட நிதானம் தெரியும். பெண் விடுதலைக்கு ஆரம்பப் படிகள் என்று அவர் அடுக்குவதைப் பாருங்கள்: ருதுவாகுமுன் கல்யாணம் கூடாது, பிடிக்காத புருஷனைக் கட்டாயப்படுத்தக் கூடாது, கட்டிய பிறகு பிரிந்து போக இடம் வேண்டும், அதற்காக அவளை அவமானப்படுத்தக் கூடாது, அப்பா சொத்தில் சம பாகம், கல்யாணமே வேண்டாமென்று தொழில் செய்து பிழைக்கவும் இடம். நான் மேலே சொன்ன வயது, காசு, வாசல் எல்லாம் அதில் இருக்கிறது. ‘புதுமைப் பெண்’ பாட்டை மட்டும் மனப்பாடம் செய்கிறோம்; இந்தப் பட்டியல்தான் அதிக வேலை செய்கிறது.

அவர் முடிக்காமல் போன ‘சந்திரிகையின் கதை’யை எடுத்துக்கொள்ளுங்கள். விசாலாட்சி சிறு வயதிலேயே விதவை. சாகக் கிடக்கும் அண்ணி, மறுமணம் செய்துகொள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். விதவை மறுமணம் 1856 முதல் சட்டப்படி செல்லும். அப்புறம் ஏன் அவள் ஊர் ஊராக அலைகிறாள்? சட்டம் ‘செல்லும்’ என்றது, மந்திரம் சொல்லவும் மாப்பிள்ளை பார்க்கவும் ஆள் தரவில்லை. அதனால்தான் கதைக்குள் நிஜ மனிதர்களே வர வேண்டியிருக்கிறது: சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர், ராஜமுந்திரியில் 1881இலேயே விதவைக் கல்யாணம் நடத்திக் காட்டிய வீரேசலிங்கம் பந்துலு. நாவலுக்குள் நிஜத் தலைவர்கள் நுழைவதைக் கலைக்குறை என்று தள்ளாமல், அன்று ஒரு பெண் தட்டக்கூடிய கதவுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் போதும்.

அதே 1856 சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. மறுமணம் செய்துகொண்டால், முதல் கணவன் சொத்தில் அவளுக்கு இருந்த உரிமையும் ஜீவனாம்சமும் அவளே செத்துப்போனதுபோல முடிந்துவிடும். விதவை கதைகளில் மைத்துனனும் மாமியாரும் ஒரு பக்கம் சாஸ்திரம் பேசுவார்கள், இன்னொரு பக்கம் நிலப் பத்திரம் பேசுவார்கள். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். 1903இல் வந்த அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’யையும் இந்தக் காதோடுதான் படிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘தமிழ்ப் பெண்ணுக்கு மறுமணம் கிடையாது’ என்று இந்த நாவல்களை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அன்று எழுதியவர்கள் பெரும்பாலும் பிராமணர், வேளாளர் போன்ற மேல்தட்டுக் குடும்பத்தினர். எழுதியதும் அந்த வீடுகளைத்தான். உழைக்கும் சாதிகள் பலவற்றில் பழைய தாலியை அறுத்து மறுதாலி கட்டும் ‘அறுத்துக் கட்டும்’ வழக்கம் இருந்தது. அங்கே பெண்ணின் கழுத்தை நெரித்தது வேறு கயிறு. கடலூர் திருப்பாப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் அதைக் காட்டினார். ‘பொன்னகரம்’ அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்க முக்கால் ரூபாய்க்கு இருட்டுச் சந்துக்குள் போகிறாள். கற்பு என்று பேசுகிறவர்களை நோக்கி அந்தக் கதை எறியும் கல் அந்த முக்கால் ரூபாய்தான். தொகையை நீக்கிவிட்டால் கதையே இல்லை.

அவருடைய ‘சாபவிமோசனம்’ (1943) அகலிகை கடைசியில் மறுபடி கல்லாகிவிடுகிறாள். உங்கள் கேள்வியில் ‘கல்லாகிறாள்’ என்று இருந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதைத் தோல்வி என்று படிக்க முடியவில்லை. தன்னை மன்னித்த ராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும், அந்த மன்னிப்பைத் திருப்பித் தருகிறாள். வெளியே போக வாசல் இல்லாதவளுக்கு உள்ளே போக மிச்சமிருந்த ஒரே வழி அது.

ஜெயகாந்தனுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது, ஏனென்றால் பெண்ணின் கையில் சம்பளக் கவர் வந்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் பிறந்த அவர் 1966இல் எழுதிய ‘அக்னிப் பிரவேச’த்தில், மழை நாளில் காரில் ஏறிக் கெட்டுப்போனதாகக் கலங்கி வரும் மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். ஊர் கொதித்தது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? அந்தக் கேள்விதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் கங்கா படித்தவள், உத்தியோகம் பார்க்கிறவள், அம்மாவை வைத்துக் காப்பாற்றுகிறவள். காசு இருக்கிறது, தங்க வீடு இருக்கிறது, கையெழுத்து செல்லும். ஆனாலும் அண்ணனும் மாமாவும் கட்டிய பெயர் அவளைவிட்டுப் போகவில்லை. நான்கு குறிப்பும் சாதகமாக இருந்தும் பெண் கட்டுண்டு கிடப்பதைக் காட்டுவதால், இந்த நாவலை முதலில் படித்தால் அதன் பாரம் தெரியாது. கடைசியில் படிக்க வேண்டியது.

ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’ கதையில் ஊரே நம் ஊர். நெய்வேலியில் கீதா டீச்சர், இளம் விதவை. தனியாக இருக்கக் கூடாது என்று துணைக்குப் போனவள் அவள் அப்பாவைப் பெற்ற கௌரிப் பாட்டி. உடன் வேலை பார்ப்பவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று கீதா எழுதிய கடிதத்தோடு பாட்டி கடலூருக்கு பஸ் ஏறி வருகிறாள். எத்தனை விஷயம் பொருந்தி வருகிறது பாருங்கள். நெய்வேலி நிலக்கரிக்காகப் புதிதாக எழுந்த ஊர். நிறுவனம் தொடங்கியதே 1956இல். நாலு தலைமுறையாகத் தெரிந்த அக்கம்பக்கம் அங்கே இல்லை, மாதச் சம்பளம் உண்டு. கடலூர் அக்கிரகாரத்துத் திண்ணையில் இந்தக் கல்யாணம் முளைத்திருக்காது. கீதா நேரில் வராமல் கடிதம் எழுதுவதும் கோழைத்தனம் இல்லை; அனுமதி கேட்க அல்ல, தெரிவிக்கத்தான் எழுதுகிறாள், அதற்குக் கடிதமே சரி. மொட்டைத் தலையும் விதவைக் கோலமுமாக வாழ்நாளைக் கழித்த பாட்டி, குதித்தெழும் மகனைவிட்டுப் பேத்தியோடு போய்விடுகிறாள். தனக்கு மறுக்கப்பட்டது என்ன என்று உடம்பாலேயே அறிந்தவள் அவள். இதில் வாசகர்கள் செய்யும் தவறு, பாட்டியை ‘முற்போக்கு’ என்று சான்றிதழ் கொடுத்து முடித்துவிடுவது. அவள் தன் ஆசாரம் எதையும் விடவில்லை. விடாமலே போனாள், அதுதான் கதையின் கனம்.

படிக்கும்போது சறுக்கும் இடங்கள் இன்னும் சில. கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள், அச்சான ஆண்டை அல்ல. 1930 ஏப்ரலுக்கு முன்னால் நடக்கும் கதையில் பன்னிரண்டு வயதுக் கல்யாணம் குற்றமில்லை. குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்த பிறகு பெண்ணுக்குக் குறைந்த வயது பதினான்கு, அதுவும் பிரிட்டிஷ் எல்லைக்குள். மீறினால் தண்டனை உண்டு, தாலி செல்லாமல் போகாது. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்குச் சட்டப்படி விவாகரத்தும் ஒருதார விதியும் 1949இல்தான். அதற்கு முந்தைய கதையில் இரண்டாம் தாரம் வந்தால் முதல் மனைவி ‘ஏன் கேஸ் போடவில்லை’ என்று கேட்காதீர்கள். பவுனை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பதும் வீண் வேலை. அதே நாவலுக்குள் வேலைக்காரிக்கு என்ன சம்பளம், குதிரைக்கு என்ன செலவு என்று ஒப்பிட்டால் போதும். சினிமாவைப் பார்த்துவிட்டு நாவலைப் பேசாதீர்கள். சுருக்கப் பதிப்பு கூடவே கூடாது: சுருக்குகிறவர் முதலில் வெட்டுவது வாடகை, வட்டி, உயில்தான்.

முடிவை ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் ஆபத்து. நோரா கதவைச் சாத்திவிட்டுப் போகும் முடிவை ஜெர்மனியில் ஒரு நடிகை நடிக்க மறுத்தார். வேறு யாரோ மாற்றி எழுதிவிடுவதைவிடத் தானே எழுதுவது மேல் என்று இப்சன், குழந்தைகளைப் பார்த்து அவள் நின்றுவிடுவதாக ஒரு முடிவை எழுதிக் கொடுத்தார். பிறகு அதை நினைத்து நொந்துகொண்டார். கலைஞன் விரும்பிய முடிவு வேறு, காலம் விட்ட முடிவு வேறு. முற்போக்குக்காரர் எழுதியதெல்லாம் முற்போக்காக இருக்கும் என்பதும் இல்லை: புதுச்சேரியின் பாரதிதாசன் விதவைக்காக அத்தனை சூடாகப் பாடியவர்தான், ‘குடும்ப விளக்கு’ தலைவியை விடியுமுன் எழுப்பி இரவுவரை வேலை செய்ய வைத்து மகிழ்ந்தவரும் அவர்தான்.

உங்கள் குழுவுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதல் மாதம் ‘யுகசந்தி’யும் ‘பொன்னகர’மும்; இரண்டும் சிறுகதை, கூட்டத்திலேயே சத்தமாக வாசித்துவிடலாம். அடுத்து ‘சந்திரிகையின் கதை’, பாரதியின் அந்தப் பட்டியலோடு சேர்த்து. பிறகு ஆஸ்டின், இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் ‘பொம்மை வீடு’, ஆளுக்கொரு பாத்திரமாகப் படித்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். பொவாரிக்குப் புதுச்சேரி ரோமேன் ரோலன் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பிரெஞ்சு தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் அந்தப் புரோநோட்டு அத்தியாயங்களை மூலத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கடைசியாகக் கங்கா. ஒவ்வொரு கூட்டத்திலும் கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு, வயது, காசு, வாசல், கையெழுத்து என்று நிரப்பிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். நாயகிக்கு மட்டுமல்ல, அவள் அம்மாவுக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் சேர்த்து. வேலைக்காரியின் கட்டங்கள் முக்கால்வாசி காலியாகவே இருக்கும்.